வேகம் ஏற ஏற 'ஊ...' என்று ஒரு இரைச்சல்: டயரா, பேரிங்கா, கியர்பாக்ஸா?

கேள்வி: என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் கார், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் 'ஊ...' என்று ஒரு இரைச்சல் தொடங்கி, வேகத்தோடு சேர்ந்து கூடுகிறது. ஒரு மெக்கானிக் டயர் என்கிறார். இன்னொருவர் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். காலையில் வண்டியை எடுத்ததும் பிரேக்கில் 'கீச்' சத்தமும் வருகிறது. அடுத்த வாரம் குடும்பத்தோடு கோவையிலிருந்து திருநெல்வேலி போக வேண்டும். இதே வண்டியில் போகலாமா?

பதில்: முதலில், கியர்பாக்ஸை இறக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் வீல் பேரிங் (சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் குண்டுகள் அடங்கிய வளையம்) அல்லது டயர் என்றுதான் தோன்றுகிறது. அந்த இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம், பைசா செலவில்லாமல்.

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள். சிலர் பிரமாதமாகச் செய்வார்கள், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒருவர் 'கொரகொர' என்பதை அவர் மனைவி பக்கத்திலிருந்தே 'கடகட' என்பார். அதனால் நான் கேட்பது வேறு. வண்டி நிற்கும்போதும் வருகிறதா? ஆக்ஸிலேட்டரை விட்டால் மாறுகிறதா? ஸ்டீயரிங்கைத் திருப்பினால்? ரோடு மாறினால்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காலை ஆறு மணிக்கு, வண்டி நடமாட்டம் இல்லாத நேரான சமமான ரோட்டுக்குப் போங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி, பாட்டு இரண்டையும் அணைத்துவிட்டு, இரைச்சல் நன்றாகக் கேட்கும் வேகத்துக்கு வாருங்கள். இப்போது கிளட்சை மிதித்து ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டுவிடுங்கள். இன்ஜின் சத்தம் இறங்கிவிடும். இரைச்சல் அப்படியே இருந்து, வண்டியின் வேகம் குறையக் குறைய மட்டும் குறைகிறதா? அப்படியானால் இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சக்கரப் பக்கம்தான் தேட வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி, கியர் மாற்றினால் இன்னொரு மாதிரி என்று இருந்தால் மட்டும் கியர்பாக்ஸ் பேச்சை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஓடும்போது சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துப் பார்க்காதீர்கள். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் லாக் ஆகும் ஆபத்தும் உண்டு.

அடுத்தது ஸ்டீயரிங். அதே ரோட்டில், 50 வேகத்தில், ஸ்டீயரிங்கை மெதுவாக வலது பக்கம், பிறகு இடது பக்கம் வளைத்துப் பாருங்கள். வலது பக்கம் வளைக்கும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் இடது பக்க பேரிங் மேல் சந்தேகம். இடது பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது. நூற்றுக்கு நூறு இதை நம்ப முடியாது, ஆனால் பெரும்பாலும் காலை வாராது.

வளைத்தாலும் சத்தம் மாறவில்லை, ஆனால் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் மாறுகிறது என்றால் டயர். வண்டியை நிறுத்திவிட்டு டயரின் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிக்கிறதா? அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோணலாக இருந்தால், அல்லது ரொட்டேஷன் (டயர்களை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவது) செய்யாமலே ஓட்டியிருந்தால், டயர் இப்படித் தேயும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் வழக்கு முடிந்தது. கையோடு டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2318 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். பட்டன் இருந்தாலும் அந்த வயதுக்கு ரப்பர் இறுகி, சத்தம் கூடியிருக்கும்.

பேரிங் என்று தோன்றினால் பட்டறையில் உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை இன்னொரு கையால் பிடிக்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் கையில் ஒன்றும் தெரியாது. போன பேரிங் என்றால் மணலை அரைப்பது போல ஒரு அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரல்களுக்கு வரும். அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. (வீட்டில் ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கி அடியில் படுக்கும் வேலை வேண்டாம்.)

பேரிங் மாற்றுவதிலும் ஒரு விஷயம் உண்டு. பல சின்ன கார்களில் முன் பேரிங்கை பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். பிரஸ் இல்லாத பட்டறைக்காரர்கள் பக்கத்து லேத் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவார்கள். அது சரியான வழி. சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது பேரிங்கின் உள்ளே அப்போதே காயம் பட்டுவிடும். சில மாதத்தில் அதே 'ஊ' திரும்பி வரும், பழி பேரிங் கம்பெனி மேல் போகும். "பிரஸ்ஸில்தானே போடுவீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, பிரேக்கில் வரும் 'கீச்'. காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கோடு போய்விடுகிறதென்றால் கவலை வேண்டாம். இரவுப் பனியிலும் மழையிலும் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) மெல்லிய துரு படியும், பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) அதைத் துடைத்துவிடும். நாள் முழுக்கத் தொடர்ந்தால் பேடு தேய்ந்திருக்கலாம். பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். தேய்மானம் எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கத்தும், வேண்டுமென்றே. 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். 'கீச்' போய் 'கரகர' என்று இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் பேடோடு டிஸ்க்கும் போகிறது என்று அர்த்தம்.

ஒருமுறை ஒருவர் காதைக் கிழிக்கும் சத்தத்தோடு வண்டியைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் டிஸ்க், பேடு எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். முந்தின நாள் ஜல்லி கொட்டிய ரோட்டில் போனதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். ரிவர்ஸில் பத்தடி எடுக்கச் சொன்னேன். 'டங்' என்று ஒரு கல் கீழே விழுந்தது. டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டியிருந்த கல். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊருக்குப் போகும் முன் இன்னும் மூன்று சத்தங்களைக் கவனியுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வண்டியை நகர்த்தும்போது 'டக் டக் டக்' என்று வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு). சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் அந்த ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருக்கும். இன்ஜினுக்குள்ளிருந்து ஆழமாக 'டொக் டொக்' என்று வந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆள் கூப்பிடுங்கள். 'பக்கத்து ஊர் வரைக்கும்' என்று ஓட்டினால் இன்ஜின் வேலை முழுதாக வந்து சேரும். ஸ்பீட் பிரேக்கரில் மட்டும் வரும் 'டொக்'குக்கு சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடோ (இணைப்புக் கம்பி) புஷ்ஷோ (ரப்பர் வளையம்) காரணமாக இருக்கும். யாராவது ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னால், முதலில் டிக்கியில் ஜாக்கியும் ஸ்டெப்னியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பேரிங்தான் என்று தெரிந்தால், மாற்றாமல் திருநெல்வேலிக்குக் கிளம்பாதீர்கள். நான்கு பேர், சாமான், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஹைவே வேகம். இரையும் பேரிங்குக்கு அது அதிகம். மாற்றிவிட்டால் தாராளமாகப் போகலாம். கிளம்பி ஐம்பது, நூறு கிலோமீட்டரில் டீக்கு நிறுத்தும்போது, சக்கரத்தைக் கழற்றி மாட்டியதால் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பக்கமும் புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடது முன்சக்கரத்தையும் வலது முன்சக்கரத்தையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. டீயை முடித்துவிட்டு அதே ஊரில் ஒரு பட்டறையில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.