ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: அறுத்த ஆட்டின் உணவு எங்கே போகிறது?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டில் ஆறு ஆடுகளை அறுத்தும் 600 உணவு சேரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை. உயிரோடு இருக்கும்வரை ஆட்டின் 100 உணவு அப்படியே இருக்கும். அறுத்த நொடியிலிருந்து அது அழுகத் தொடங்கும், சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய மீனை நம் வெயிலில் வைத்ததுபோல. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

தெம்பனீசில் அக்கா மகனுக்கு இதைக் காட்ட, ஓர் ஆட்டை அறுத்துவிட்டு ஆட்களை விலக்கினேன். கிடந்த ஆட்டைச் சொடுக்கிப் பார்த்தோம். அருகில் யாருமே இல்லை, எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் கண்கள் விரிந்தன!

ஆகவே ஒவ்வோர் ஆடாக, உணவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டடமான நகர மையத்தை ஒட்டியே அறுங்கள்; சுமந்து நடக்கும் நேரமும் மிஞ்சும். எத்தனை பேர் வேண்டும்? உணவு சேர்க்கும் குடியானவர் ஒருவரைப் புதிதாக உருவாக்க 50 உணவு, 25 நொடி ஆகும். அதாவது நொடிக்கு 2 உணவு செலவு. ஆட்டிடம் நிற்பவர் நொடிக்கு ஏறக்குறைய 0.33 சேர்ப்பார். ஆறு பேர் இருந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

காட்டுப்பன்றியும் அழுகும். பழச்செடிகள் அழுகாது, அவை காத்திருக்கும்.