எம்டன் போன பிறகு

அன்புள்ள ஐயா,

கெட்டிக்காரப் பையனைப் பார்த்தால் எங்கள் நைனா 'சரியான எம்டன்டா இவன்' என்பார். 1914இல் அந்த ஜெர்மன் கப்பல் குண்டு போட்ட ஒரு ராத்திரியைத் தவிர, முதல் உலகப்போர் வடசென்னையைத் தொடவில்லை என்று சொல்லலாமா?
– வாசகர், ராயபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்ல முடியாது. செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தில் எண்ணெய் டாங்குகள் எரிந்ததும், ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியதும் உண்மைதான். ஆனால் கப்பல் அன்றைக்கே போய்விட்டது. விலைவாசி போகவில்லை.

பெரம்பூர் பக்கம் வாருங்கள். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளுக்குப் போர் என்றால் ஆர்டர். ராணுவத்துக்குக் காக்கித் துணி அங்கிருந்து போனது. அதை நெய்தவர் வீட்டிலோ அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், கட்டுகிற துணி எல்லாமே கைக்கு எட்டாத விலை. கப்பல்கள் போர் வேலைக்குப் போய்விட்டால் வருகிற சரக்கு குறையும். குறைந்ததில் கொஞ்சம் பதுக்கலுக்குப் போகும். கூலி அந்த வேகத்தில் ஏறாது. இதற்கு நடுவே, சோறு தின்ன அரை மணி நேரம். கை கழுவி, தூக்கைத் திறந்து, நாலு வாய் போட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, அந்தச் சோற்று வேளையை நீட்டச் சொன்னதும் முதல் கோரிக்கைகளில் ஒன்று.

அந்த வருஷம் செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. அரசாங்கத்துக்கு அது கலவரம். எனக்கு அது பசியாகத்தான் தெரிகிறது.

அப்புறம் இரண்டாவது போர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. அடுத்த வருஷம் சென்னைக்கு ரேஷன் வந்தது. புளியந்தோப்பில் என் ஆயா, உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். யுத்தம் முடிந்து, நான் பார்த்த காலத்தில் வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை. ஏன் என்று கேட்டால், "யுத்தத்துல கத்துக்கினது" என்பார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த நாளில் அரிசி எங்கே வாங்கினார்கள், எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள், அரிசி இல்லாத நாளில் எதைச் சமைத்தார்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.