பஞ்சுக்கு வரி போனால் யாருக்கு வேலை போகும்?

கேள்வி: வெளிநாட்டுப் பஞ்சுக்கு உள்ள 11 சதவீத இறக்குமதி வரியை 2025-ல் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஒரேயடியாக எடுத்துவிட்டால் நூற்பாலைகளில் வேலை கூடுமா, குறையுமா?
- வாசகர், இராஜபாளையம்

பதில்: ஆலையில் குறைய வாய்ப்பில்லை, பெரிதாகக் கூடிவிடும் என்றும் நம்பவேண்டாம். அடி விழுந்தால் பருத்திக் காட்டில்தான் முதலில் விழும்.

இந்த வரி 2021 பட்ஜெட்டில் வந்தது. அடிப்படைச் சுங்கம் 5 சதவீதம், வேளாண் செஸ் 5 சதவீதம், அந்த இரண்டின் மேல் சமூகநல சர்சார்ஜ் (கூடுதல் வரி) 1 சதவீதம். ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, துறைமுகத்தில் 53,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி 5,830 ரூபாய். கிலோவுக்கு 16 ரூபாய் சொச்சம். கார்டட் எனும் சாதாரண ரக நூலில் 100 கிலோ பஞ்சுக்குச் சுமார் 85 கிலோதான் நூல் தேறும். ஆகவே கிலோ நூலில் 19 ரூபாய் வரை நிற்கிறது. உள்ளூர் வியாபாரியும் இறக்குமதி விலையைப் பார்த்தே விலை சொல்வதால், குஜராத்தின் சங்கர்-6 ரகப் பஞ்சு வாங்கும் ஆலைக்கும் இதில் ஒரு பங்கு சுமைதான்.

நூலையும் துணியையும் ஏற்றுமதி செய்பவர்கள் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் என்ற ஏற்றுமதியாளர் அனுமதி வழியாக முன்பே வரியில்லாமல் பஞ்சு கொண்டுவரலாம். வரி போனால் நிம்மதி உள்நாட்டுச் சந்தைக்கு நூல் விற்கும் ஆலைக்கு. ஆனால் சலுகையைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் அவர்களுக்கும் எட்டாது. 2025-ல் முதலில் அறிவித்தது ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை. கப்பல் வரவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்போது, ஏற்கெனவே கடலில் சரக்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் லாபம். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அது புதுப் பருத்தி சந்தைக்கு வரும் காலம். நேரம் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை.

விவசாயி பக்கம் வாருங்கள். ஒரு குவிண்டால் விதைப் பருத்தியை அரைத்தால் 34 கிலோ அளவில் பஞ்சு கிடைக்கும். பஞ்சு கிலோவுக்கு 16 ரூபாய் இறங்கினால் குவிண்டாலுக்கு ஏறக்குறைய 550 ரூபாய் போயிற்று. 2025-26-ல் நீண்ட இழைப் பருத்திக்கு ஆதார விலை 8,110 ரூபாய் இருந்ததே என்பீர்கள். அந்த விலைக்கு வாங்கும் இந்தியப் பருத்திக் கழகம் ஈரப்பதம் 8 சதவீதம் வரை முழு விலை தரும், 12 வரை பிடித்தம் செய்யும், அதற்கு மேல் எடுக்காது. மழையில் நனைந்த பருத்தி வியாபாரியிடம்தான் போகும். இப்படி இரண்டு பருவம் அடிவாங்கியவர் மக்காச்சோளத்துக்கு மாறுவார். மூன்று நான்கு தடவை கிலோ கணக்கில் கூலி வாங்கிப் பருத்தி எடுத்த பெண்களுக்கு அங்கே வேலை இல்லை. இவர்கள் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் (வருகைப் பதிவேட்டிலும்) கிடையாது. அதனால் இந்த இழப்பு யார் கணக்கிலும் வருவதில்லை.

கேள்வி: அப்படியே ஆயத்த ஆடைக்கான வரியையும் எடுத்துவிட்டால் என்ன?
- வாசகி, பல்லடம்

பதில்: வரிசை மாறினால் வினை. வெளிநாட்டில் 200 ரூபாய் விலையுள்ள சட்டையில் துணி 120, தையல் முதலான வேலை 80 என்று வையுங்கள். சட்டைக்கு 20 சதவீதம், துணிக்கு 10 சதவீதம் வரி இருந்தால், 80 ரூபாய் வேலைக்கு 40-லிருந்து 12 போக 28 ரூபாய் பாதுகாப்பு. சட்டை வரியை மட்டும் நீக்கினால் அந்த 28 போய், துணி வரி 12 ரூபாய் தண்டமாக நிற்கும். மூலப்பொருள் வரி முதலில், ஆடை வரி கடைசியில் என்று போகவேண்டும். வங்கதேச ஆடைகள் 2011 முதலே பெரும்பாலும் வரியின்றி வருகின்றன என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி: ஆள்குறைப்பு வந்தால் நான் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வருகைச் சான்று. கடந்த 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு. சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் இரண்டையும் இப்போதே பிரதி எடுங்கள். அவற்றில் முதலாளி என்று ஆலையின் பெயர் இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் பெயர் என்றால் உரிமை கோருவது முதலில் அவரிடம். அவர் உரிமம் பெற்றவரா என்பதை வேலையில் இருக்கும்போதே கேட்டுவையுங்கள்.