குழந்தைகள் எழுதிய மனு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை.

என் மகளுக்குப் பதினைந்து வயது. எங்கள் பகுதி இளைஞர் மையத்தில் பதின்வயதினருக்கான சூழல் பயிற்சி ஒன்று நடக்கிறது. வாரம் ஒருநாள், மாலை வேளையில். மரம் நடுவார்கள், குப்பை பொறுக்குவார்கள் என்று நினைத்துத்தான் சேர்த்துவிட்டேன். அங்கே போனால் ஓடைத் தண்ணீரைச் சோதிக்கிறார்கள், மனு எழுதுகிறார்கள், கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறார்கள்.

சில விஷயங்கள் உறுத்துகின்றன. பெரியவர்கள் தங்கள் அரசியலுக்குப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துகிறார்களோ என்ற சந்தேகம் இருக்கிறது. அங்கே சேர்ந்ததிலிருந்து அவள் பருவநிலை மாற்றத்தைப் பற்றியே பேசுகிறாள். ‘எனக்கு முப்பது வயசாகும்போது என்ன மிச்சமிருக்கும்மா?’ என்று கேட்கிறாள். சரியாகத் தூங்குவதும் இல்லை. இதற்கிடையில், ஓடையில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் குழுவாக ஒரு மனு கொடுத்தார்கள். இரண்டு மாதமாகியும் ஒரு வரி பதில் வரவில்லை. ‘எங்களை யாரும் மதிக்கல’ என்று சோர்ந்துபோயிருக்கிறாள்.

இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா? நிறுத்திவிடலாமா?

எம்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள எம்.,

நிறுத்த வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் அதற்கு முன் உங்கள் மகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த ஓடையை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது யார்? மனுவின் வாசகங்களை எழுதியது யார்?

‘மேடம்தான் சொன்னாங்க, மேடம்தான் எழுதிக்கொடுத்தாங்க, நாங்க கையெழுத்துப் போட்டோம்’ என்று பதில் வந்தால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளின் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதும்போது அதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்துகாட்டினார். கீழே இருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குக் குழந்தைகளைக் கையாள்வது, ஒரே நிற பனியனை மாட்டி அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்கு ஒரு பிள்ளையை மேடையில் உட்கார வைப்பது ஆகிய மூன்றும்தான் அவை. ஊர்வலங்களின் முன்வரிசைப் புகைப்படங்கள் பலவற்றில் நாம் பார்ப்பது இந்த மூன்றில் ஒன்றைத்தான்.

அந்த ஏணியில் எனக்கு ரொம்பப் பிடித்தது உச்சிப்படி. குழந்தைகள் தாங்களே எல்லாவற்றையும் செய்வதுதான் உச்சமாக இருக்கும் என்று தோன்றும். ஹார்ட் அதை ஏழாம் படியில் வைக்கிறார். குழந்தைகள் தொடங்கி, பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் எட்டாவது. ஆகவே ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் இருப்பது தப்பில்லை. பிள்ளைகள் கேட்ட கேள்வியை அவர் எங்கே கொண்டுபோகிறார் என்பதைப் பார்த்தால் போதும்.

அரசியல் என்ற சொல் உங்களைப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். பொது ஓடையில் கழிவு விழுகிறது, அதைத் தடுக்கும் பொறுப்பில் இருப்பவரிடம் போய்க் கேட்கிறார்கள். அரசியல்தான், வேறென்ன? கட்சிக்கொடி இல்லாதவரை நீங்கள் கவலைப்பட ஏதுமில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பைப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12ஆம் பிரிவில் சொல்கிறது.

எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. இத்தகைய பயிற்சிகள் பலவும் மேடைப் பேச்சையே முன்மாதிரியாக வைத்துக்கொள்கின்றன. 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சூழல் மாநாட்டில் செவர்ன் கல்லிஸ் சுசுகி என்ற பன்னிரண்டு வயதுக் கனடியச் சிறுமி பேசிய காணொளியை உங்கள் மகளுக்கும் போட்டுக்காட்டியிருப்பார்கள். அருமையான பேச்சுதான். ஆனால் அவளும் தோழிகளும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு குழு தொடங்கியிருந்ததையும், ரியோவுக்குப் போகும் பணத்தைத் தாங்களே திரட்டியதையும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதே மாநாட்டில் ஏற்கப்பட்ட பிரகடனத்தின் பத்தாவது கோட்பாட்டைப் பற்றியும் பேச்சே இருக்காது. அரசு அமைப்புகளிடம் உள்ள சூழல் தகவலைப் பெறுவது, முடிவெடுக்கும்போது கலந்துகொள்வது, பாதிக்கப்பட்டால் முறையிட்டு நிவாரணம் கேட்பது ஆகிய மூன்றுக்கும் மக்களுக்கு வழி இருக்க வேண்டும் என்பது அது. 1998இல் கையெழுத்தான ஆர்ஹூஸ் உடன்படிக்கை பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. பேச்சு பல கோடிப் பேரைத் தொட்டது. ஆனால் மனு எழுதும் பிள்ளைகளின் கைக்கு உதவுவது அந்தப் பத்தாவது கோட்பாடுதான்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ‘ஓடைத் தண்ணீரைச் சோதிக்கிறார்கள்’ என்ற இடத்தை வாசித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அது நல்ல பள்ளிக்கூடம். கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. பயிற்சி மாலையில்தானே நடக்கிறது?

கழிவின் சத்தைத் தின்று பாசி மண்டிய ஓடையில், வெயில் இருக்கும்வரை பாசி ஆக்ஸிஜனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மாலையில் கருவியை முக்கினால், நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் தாராளமாக இருப்பதாகத்தான் காட்டும். இருட்டிய பிறகு அதே பாசியும் நுண்ணுயிர்களும் சுவாசித்தே அதைக் காலி செய்துவிடும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்தில் நிற்கும். மீன் மூச்சுமுட்டிச் சாவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஆக, மாலைக் கணக்கை மட்டும் மனுவோடு இணைத்தால், ‘உங்கள் அளவீட்டின்படியே ஓடை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அலுவலகம் ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒரே நாளில் விடியற்காலையும் மாலையும், கழிவுநீர் விழும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் என்று நான்கு அளவுகள் எடுத்தால் கதை மாறிவிடும். நோட்டில் நேரம், இடம், அளந்தவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும்.

கருவி இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீர் ஓரளவு சுத்தம். வெறும் சேறும் அதில் நெளியும் சிவப்புப் புழுக்களும் மட்டும்தான் என்றால் ஆக்ஸிஜன் குறைவு என்று யூகிக்கலாம். அந்தப் புழுவின் சிவப்பு, நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினால் வருவது. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கிடக்க அது உதவுகிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு ‘நீர் மாசு’ என்பது பாடப்புத்தகத் தலைப்பாக மட்டும் இருக்காது. (கழிவுநீர் என்பதால் கையுறையும், உடன் ஒரு பெரியவரும் கட்டாயம். இதை நீங்களே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் சமூக ஊடகத்தில் போடுகிறார்களா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.)

ஒத்திகை என்று எழுதியிருந்தீர்கள். இதுபோன்ற ஒரு குழுவில் என்னை ஒருமுறை அதிகாரியாக நடிக்க உட்கார வைத்தார்கள். யார் என்ன சொன்னாலும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது எனக்கிட்ட உத்தரவு. முதலில் வந்த பையன் பூமியின் எதிர்காலம், உருகும் பனி, பனிக்கரடி என்று உணர்ச்சி பொங்கப் பேசினான். பரிசீலிக்கிறோம் என்றேன். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டான். அடுத்து ஒரு பெண் ஒற்றைத் தாளோடு வந்து, ‘சார், அந்தக் குழாய் உங்க துறையோடதா, இல்லையா?’ என்றாள். அதற்குப் பரிசீலிக்கிறோம் என்று சொல்ல முடியாதே! ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்று சமாளித்தேன். ‘எந்தத் தேதிக்குள்ள சார்?’ வாயில் வந்ததைச் சொன்னேன், பதினைந்து நாள் என்று. அதைத் தாளில் குறித்து, என்னிடமே உரக்கப் படித்துக்காட்டி, ‘சரிதானே சார்?’ என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நடிப்புதான் என்றாலும் எனக்கு லேசாக வியர்த்தது.

அந்தப் பெண்ணுக்கு அன்று வந்தது எல்லாத் தொழிலிலும் உதவும் ஒரு திறமை. ‘இந்த வயதில் தேவைதானா’ என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பெரிய களங்களிலும் இதேதான். அமெரிக்காவின் மொன்டானா மாநில அரசுக்கு எதிராக 16 இளையவர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். சுத்தமான, ஆரோக்கியமான சூழல் மக்களின் உரிமை என்று அந்த மாநிலத்தின் 1972ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே எழுதியிருந்த வரிகளை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காட்டுத்தீப் புகை தங்களை என்ன செய்தது, தங்கள் ஊர் ஆறும் பனியும் எப்படி மாறின என்று கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். விஞ்ஞானிகளும் கூட நின்றார்கள். 2023 ஆகஸ்டில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இனி தூக்கத்துக்கு வருகிறேன். 2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுவரையான 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்தது. பருவநிலை மாற்றத்தால் மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். 45 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அது தங்கள் அன்றாட வாழ்க்கையையே பாதிப்பதாகச் சொன்னார்கள். உங்கள் மகள் தனியாள் இல்லை. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அரசுகள் சரியாகச் செயல்படவில்லை, நம்மைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்தோடு இந்தக் கவலை பின்னிக்கிடக்கிறது. நீங்கள் தூக்கத்தைத் தனியாகவும் மனுவைத் தனியாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

‘முப்பது வயசாகும்போது என்ன மிச்சமிருக்கும்’ என்று கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்பமாட்டாள், அடுத்தமுறை உங்களிடம் கேட்கவும் மாட்டாள். ஓசோன் கதையைச் சொல்லுங்கள். அதைத் தின்னும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த 1987இல் மொன்ட்ரியலில் நாடுகள் உடன்பட்டன. கட்டுப்பாடுகள் இப்படியே நீடித்தால், துருவங்கள் நீங்கலாக உலகின் மற்றப் பகுதிகளில் ஓசோன் படலம் 2040 வாக்கில் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் 2022இல் மதிப்பிட்டார்கள். ஏறக்குறைய அவளுக்கு முப்பது வயதாகும் சமயம். பருவநிலைச் சிக்கல் இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதையும் மறைக்க வேண்டாம். இதற்குப் பிறகும் தூக்கமின்மை சில வாரங்களுக்கு நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதில் தயக்கம் வேண்டாம்.

பதில் வராத மனு. இந்தோனேசியாவின் பாலித் தீவில் மெலாத்தி, இசபெல் விஜ்சென் என்ற சகோதரிகள் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராகக் கிளம்பியது 2013இல். வயது பன்னிரண்டும் பத்தும். தடை நடைமுறைக்கு வந்தது 2019இல். இடையில் ஆளுநரைச் சந்திக்கப் பகல்நேர உண்ணாநோன்பெல்லாம் இருந்தார்கள். உணவியலாளர் மேற்பார்வையில்தான் என்றாலும், குழந்தைகள் அந்த வழியில் போவது எனக்கு உடன்பாடில்லை. ஆறு ஆண்டு விடாமல் நின்றார்கள் பாருங்கள், அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகளின் குழுவுக்கு ஆகியிருப்பது இரண்டு மாதம்.

அடுத்த வகுப்பில் பிள்ளைகள் மனுவின் நகலை எடுத்துவைத்துப் பார்க்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்கினார்களா? அந்தக் குழாய்க்குப் பொறுப்பான அதிகாரிக்கு எழுதினார்களா, பொதுவாக அலுவலகத்துக்கு எழுதினார்களா? ஒரே ஒரு கோரிக்கையா, ஏழெட்டா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் மனு முடங்கும். பிறகு பழைய மனுவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, புதிய அளவுகளை இணைத்து, இரண்டாவது மனு. கூடவே தகவல் கேட்கும் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு விண்ணப்பம்: எங்கள் முதல் மனு இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது, அதன்மேல் என்ன குறிப்பு எழுதப்பட்டது? இத்தகைய சட்டம் ஸ்வீடனில் 1766லேயே வந்துவிட்டது, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. விண்ணப்பத்தில் வயது வந்த ஒருவர் கையெழுத்திடுவது நல்லது. நீங்களே போடலாமே.

இரண்டாவது மனுவை அனுப்பும் முன் வரைவை எனக்கு மின்னஞ்சல் செய்யச் சொல்லுங்கள். திருத்தித் தரமாட்டேன், கேள்விகள் மட்டும் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்.