கத்தரிக்கோல்

அன்புள்ள ஐயா,

யூத மதத்தின் ஹசிதியப் பிரிவுக் குருமார்களான ரெப்பேக்களின் பழைய அச்சுப்படங்களைச் சேர்க்கிறேன். சமீபத்தில் அந்தப் பிரிவைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் படம் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அது அவரே இல்லை என்கிறார் நண்பர். திருப்பிக் கொடுத்துவிடவா? உருவம் கூடாது என்கிற மதத்தில் இந்தப் படங்கள் எப்படி வந்தன? ஓரமெல்லாம் கறை, சுத்தம் செய்து ஃபிரேம் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நண்பர் சொல்வது சரிதான். அந்தப் பெயரில் எங்கும் விற்கிற படத்தில் இருப்பவர் லண்டனில் வாழ்ந்து 1782இல் இறந்த சாமுவேல் ஃபால்க். இறைவனின் திருப்பெயரைக் கொண்டு நோய் தீர்ப்பவர்களைப் பால் ஷெம் என்பார்கள், அவரும் அப்படி ஒருவர். பட்டம் ஒன்று என்பதால் முகமும் இடம் மாறிவிட்டது. 1760இல், இன்று உக்ரைனில் இருக்கும் மெஜிபிஷில் மறைந்த உங்கள் பால் ஷெம் தோவுக்கு நம்பத்தகுந்த படமே கிடையாது. அதற்காகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், இத்தனை பேர் அவரென்றே நம்பி மாட்டிவைத்த படமாயிற்றே. இரண்டாவது கேள்வியை யூதர்கள் பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள்.

ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. தொடாதீர்கள்!

பல வருடம் முன்பு ஜெருசலேமில் ஒரு பழைய புத்தகக் கடையில், ‘தான்யா’ என்ற ஹசிதிய நூலை எழுதிய ரெப்பே ஷ்நேயர் சல்மானின் கல்லச்சுப் படம் வாங்கினேன். மேல் விளிம்பில் தண்ணீர்க் கறை. ஊருக்கு வந்து ஃபிரேம் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் கறையோடு மேலே இரண்டு விரல், சட்டத்துக்குப் பொருந்தவென்று கீழேயும் இரண்டு விரல் நறுக்கிப் பளபளவென்று தந்தார். காசும் கொடுத்து நன்றியும் சொன்னேன், மடையன். சுக்கோத் பண்டிகையில் ஏழு நாள் தழை வேய்ந்த குடிலில் சாப்பிடுவார்கள், அதன் சுவரில் ரெப்பே படங்களை மாட்டுவது பல வீடுகளில் வழக்கம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நட்சத்திரம் தெரிகிற கூரையில் மழை இறங்காமல் இருக்குமா? யாரோ ஒரு குடும்பம் படத்தைக் கழற்ற மறந்த ராத்திரியாக இருக்கலாம் அந்தக் கறை. கீழே போனது அதைவிட மோசம். ரஷ்யப் பேரரசில் அச்சான படம் என்றால் அடியோரத்தில் பொடி எழுத்தில் தணிக்கை அனுமதி, ஊர், தேதி இருக்கும். வார்சாவா வில்னாவா, 1880ஆ 1902ஆ என்று கண்டுபிடிக்கப் பல படங்களுக்கு அந்த ஒரு வரிதான் கதி. என் படத்துக்கு இன்று ஊரும் இல்லை, வருடமும் இல்லை. நல்ல ஃபிரேம் இருக்கிறது.

இன்றே படத்தின் அடியோரத்தைப் பாருங்கள். எழுத்து இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதுவரை கத்தரிக்கோலை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.