“யாரோட அம்மா வந்திருக்காங்க?”

கேள்வி: எனக்கு வயது 42. எம்.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு கல்யாணம், அப்புறம் இரண்டு பிள்ளைகள். பெரியவள் கல்லூரிக்குப் போன பிறகு, இந்த வருடம்தான் பி.எட். சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் “யாரோட அம்மா வந்திருக்காங்க?” என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் கிடையாது, ஆன்ட்டிதான். ரெக்கார்டு நோட்டை மட்டும் உரிமையோடு வாங்கிப் போவார்கள், திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். என்னைச் சேர்க்காமல் தனி வாட்ஸ்ஆப் குரூப் வைத்திருப்பது டெஸ்ட் தேதி மாறிய அன்றுதான் தெரிந்தது. முறுக்கு சுட்டு எடுத்துப்போனேன். டப்பா காலியானது, பக்கத்தில் உட்கார ஒருவரும் வரவில்லை. போன வாரம் மைக்ரோ டீச்சிங்கில், அதாவது சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சியில், நான் பின்னம் நடத்தும்போது மூன்று பேர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கை நடுங்கி சாக்பீஸ் ஒடிந்துவிட்டது. படிப்பை விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம்

பதில்: விடக் கூடாது. அவர்களுக்காக லீவும் போடாதீர்கள், பி.எட்.டுக்கு 80 சதவீத வருகை வேண்டும்.

உங்கள் கடிதத்தில் அந்த முறுக்கு டப்பாவைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாணவியாகப் போன இடத்திலும் வீட்டு வேலையையே செய்துகொண்டிருக்கிறீர்கள், ஊட்டுகிறீர்கள், கேட்டதைக் கொடுக்கிறீர்கள், வலித்தால் விழுங்கிக்கொள்கிறீர்கள். இருபது வருடப் பழக்கம், உங்கள் தப்பு இல்லை. ஆனால் முறுக்கு இனி வேண்டாம். ரெக்கார்டு நோட்டை யார் கேட்டாலும் “நாளைக்குக் காலையில் எனக்கு வேண்டும்” என்று சொல்லிக் கொடுங்கள், ஒருமுறை இழுத்தடித்தவருக்கு மறுமுறை கிடையாது.

ஆன்ட்டி விஷயம் சற்று வேறு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருபது வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நா எழாது, பாதிப் பேர் அதனால்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். மீதிப் பேர் குத்துவதற்காகவே சொல்கிறார்கள், அது குரலிலேயே தெரிந்துவிடும். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டால் அவர்களுக்கு இன்னொரு வேடிக்கைதான். அந்தக் கூட்டத்தில் முன்னால் நிற்கும் பெண்ணோ பையனோ, அவரைத் தனியாகப் பிடித்து, “நானும் உன் கிளாஸ்மேட்தான்ப்பா, அக்கான்னு கூப்பிடு, ஆன்ட்டி வேண்டாம்” என்று சிரிக்காமல் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் எடுபடாது.

மைக்ரோ டீச்சிங்கில் நடந்ததை மட்டும் சும்மா விடாதீர்கள். நம் கல்லூரிகளில் வழக்கமாகச் செய்கிற முறையில் அது 36 நிமிடம்: 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து, 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வேலை உண்டு, மாணவராக நடிக்கவேண்டும், கவனித்துக் கருத்து சொல்லவேண்டும். போனைப் பார்த்துச் சிரித்தவர்கள் எதைக் கவனித்திருப்பார்கள்? பேராசிரியரிடம் போய் “என்னைக் கிண்டல் செய்கிறார்கள் சார்” என்று ஆரம்பித்தால் “சின்னப் பிள்ளைங்க, விடுங்கம்மா” என்று முடித்துவிடுவார். “என் பாடத்துக்குக் கருத்து கிடைக்கவில்லை, மறுபடி நடத்த அனுமதி வேண்டும், போன் வெளியே இருக்கட்டும்” என்று கேளுங்கள், தட்டிக்கழிக்க முடியாது. டெஸ்ட் தேதியையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள், அறிவிப்பெல்லாம் அவரும் இருக்கிற குரூப்பில் எல்லோருக்கும் வரவேண்டும் என்று.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ராகிங் தடுப்பு விதிகள் அடிதடியை மட்டும் ராகிங் என்று சொல்லவில்லை. ஒரு மாணவரைப் பேச்சாலோ எழுத்தாலோ செயலாலோ கேலி செய்வது, முரட்டுத்தனமாக நடத்துவது எல்லாமே அதில் வரும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் என்றும் இல்லை, வேறு எந்த மாணவருக்கும் பொருந்தும். உடனே புகார் கொடுங்கள் என்று சொல்லவில்லை, பேசிப் பார்த்தும் நிற்காவிட்டால் தேதி போட்டு எழுதி கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் கொடுங்கள். அதுவரை நடப்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இரண்டாம் ஆண்டில் 16 வாரம் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்தில் இருக்கப் போகிறீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு, எட்டாம் வகுப்புப் பையன் பின்னத்தில் எங்கே முழிப்பான் என்று முன்கூட்டியே தெரியும். மறுபடி நடத்தும்போது கரும்பலகையை விட்டுவிட்டு ஒரு தாளை நாலாக மடித்து ஆளுக்கொன்று கையில் கொடுத்துப் பாருங்கள், கையில் தாள் இருந்தால் போனை எடுக்க முடியாது. பேராசிரியரைத் திங்கட்கிழமையே பாருங்கள், என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.