வாசகர் கேள்வி – பதில்: நிறுத்திய காரில் கைத்துப்பாக்கி

லைசென்ஸ் பெற்ற கைத்துப்பாக்கியோடு மலைக்கு வருபவர்களும் மலையிலேயே இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், காரை நிறுத்திவிட்டு இறங்கும் நேரம் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (கோத்தகிரி): சிறிய தேயிலை எஸ்டேட் நடத்துகிறேன். அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர், லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. கூலிப் பணம் எடுக்கப் போனால் வங்கிக் காவலர் ஆயுதத்தோடு உள்ளே விடுவதில்லை. அரை மணி நேரம் காரின் டேஷ்போர்டு பெட்டியில் பூட்டி வைக்கலாமா?

பதில்: டேஷ்போர்டு பெட்டி வேண்டவே வேண்டாம். அதன் கொக்கி பிளாஸ்டிக். ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். கண்ணாடியை உடைத்தவன் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான். சீட்டுக்கு அடியில் சும்மா செருகி வைப்பது அதைவிட மோசம். கொண்டை ஊசி வளைவில் பிரேக் போட்டால் துப்பாக்கி முன்னால் சறுக்கி வந்து பெடலுக்கு அடியில் நிற்கும்.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு மாட்டிய உறையிலோ பையிலோ முழுவதும் மூடியபடி இருக்க வேண்டும்; எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். நீங்கள் வங்கிக்குள்ளும் துப்பாக்கி தெருவிலும் இருக்கும்போது கட்டுப்பாடு யாரிடம் என்ற கேள்வி எழும். ஆகவே இதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். வேறு வழியே இல்லாத அரை மணி நேரத்துக்கு மட்டும், கீழே சொல்லும் ஏற்பாட்டோடு செய்யுங்கள்.

காரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று வேண்டும். தகடு 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 1.5 இருந்தால் நல்லது. கம்பிக் கயிற்றால் சீட் காலில் கட்டும் பெட்டிகளும் விற்கிறார்கள். கைக்குள் அடங்கும் கட்டர் ஒன்று அந்தக் கயிற்றைத் துண்டித்துவிடும். பெட்டியைத் தூக்கிப் போய் வீட்டில் நிதானமாக உடைப்பார்கள். பெட்டி பெயரக் கூடாது, அதுதான் முக்கியம்.

பொருத்த ஏற்ற இடம் டிக்கியின் தரை. 8 மில்லிமீட்டர் போல்ட் நான்கு. தரைக்கு அடியில் அகலமான வாஷரோ, இன்னும் நல்லது என்றால் ஒரு இரும்புப் பட்டையோ கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள். வெறும் நட்டு மட்டும் போட்டால், கடப்பாரை வைத்து நெம்பும்போது காரின் மெல்லிய தகடு கிழிந்து பெட்டி கையோடு வந்துவிடும். துளை போடும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் எதுவும் அந்த இடத்தில் இல்லை என்று பார்க்க வேண்டும். முன் சீட்டுக்கு அடியில் பொருத்துவதென்றால் அங்கே ஏர்பேக் ஒயர் போகும். மஞ்சள் நிற கனெக்டராக இருக்கும், தொடக் கூடாது. சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதிலேயே பெட்டியையும் மாட்டித் தருவதாகச் சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், விபத்தில் உங்கள் எடையைத் தாங்க வேண்டிய போல்ட் அது. கடைசியாக, துளைகளைச் சுற்றி சீலன்ட் பூசச் சொல்லுங்கள். நம் ஊர் மழையில் டயர் அடிக்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறும். ஒரு பருவத்திலேயே பெட்டியின் அடி துருப்பிடித்துவிடும்.

டிக்கி திறக்கும் லீவர் டிரைவர் சீட்டருகே உள்ள வண்டிகளில், கண்ணாடி உடைந்தால் டிக்கியும் திறந்த மாதிரிதான். பின் சீட் மடங்கும் வண்டியிலும் அதே கதை. டிக்கி பூட்டை நம்பாமல் பெட்டியின் பூட்டை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இனி ரிவால்வர். அரசுத் தொழிற்சாலை .32 பெரும்பாலும் நடுவில் மடங்கித் திறக்கும் வகை. திறக்கும்போது ஆறு தோட்டாக்களும் ஒன்றாக எழும்பும். ஆனால் சுடாத தோட்டா நீளமானது, முழுக்க வெளியே வராமல் பாதி எழும்பி மீண்டும் உள்ளே நழுவுவதுண்டு. தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியிலும் சிக்கிக்கொள்ளும். ஆகவே விரலால் எடுத்து, ஆறு என்று எண்ணி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஆறு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு திறந்த நிலையிலேயே, குழல் வழியாகவும் அதற்கு நேரான தோட்டா அறை வழியாகவும் கேபிள் பூட்டைக் கோத்துப் பூட்டினால் ரிவால்வரை மூடவே முடியாது. அப்படித் திறந்து வைக்க இடம் இருக்கும் அளவில் பெட்டி வாங்க வேண்டும். பலர் மூடிய ரிவால்வரை வைத்து அளந்து வாங்கிவிட்டுப் பிறகு பூட்டைக் கைவிடுகிறார்கள்.

பிஸ்டல் வைத்திருப்பவர்கள் வரிசை தவறக் கூடாது. முதலில் மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டியை) எடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல் பாகத்தை) இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறும். பார்த்தவர் காலி என்று நினைத்துக்கொள்வார். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி அறையைக் கண்ணாலும் பாருங்கள், சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் வங்கி வாசலில் செய்யக் கூடாது. டிரைவர் சீட்டில் குறுகி உட்கார்ந்து தோட்டா எடுக்கும்போது குழல் உங்கள் தொடையையோ பக்கத்தில் இருப்பவரையோ பார்க்காமல் இருக்க வழியில்லை. தெருவில் நிற்பவர் நான்கு பேர் பார்ப்பதும் நடக்கும். வீட்டிலேயே காலி செய்து, பெட்டியில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். தோட்டாக்கள் உங்கள் சட்டைப் பையில் வரட்டும். பணத்தோடு திரும்பும் வழிக்குத்தானே துப்பாக்கி வேண்டும் என்பீர்கள், நியாயம்தான். ஆனால் மாதா மாதம் நிறைய ரொக்கம் எடுப்பவருக்கு, கூலியை வங்கிக் கணக்கில் போடுவதும், எடுத்தே தீர வேண்டும் என்றால் நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு துணைக்கு ஒருவரோடு போவதும் துப்பாக்கியைவிட நல்ல காவல் என்பது எங்கள் கருத்து.

கேள்வி (கோயம்புத்தூர்): மகன் ஊட்டியில் விடுதிப் பள்ளியில் படிக்கிறான். பார்க்க வரும்போது பிஸ்டலைப் பள்ளி வளாகத்தில் நிற்கும் காரிலேயே பூட்டி வைத்தால் தவறில்லையே?

பதில்: தவறுதான். கல்வி நிறுவன வளாகத்துக்குள் ஆயுதம் கொண்டு போகக் கூடாது என்பது லைசென்ஸிலேயே அச்சிட்ட நிபந்தனை. இடுப்பில் இருந்தாலும் டிக்கியில் இருந்தாலும் கேட்டைத் தாண்டினால் வளாகம்தான். திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கும் இதே நிபந்தனை. மாவட்ட நிர்வாகத்தின் தனி அனுமதி இருந்தால் மட்டுமே விலக்கு. மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறோம். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டம் 1959-இன் 30-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அபராதம். அதோடு லைசென்ஸும் போகலாம்.

மகனைப் பார்க்க வரும் நாளில் துப்பாக்கியை வீட்டுப் பீரோவிலேயே பூட்டி வையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நீண்ட விடுமுறை என்றால், பாதுகாப்புக்கு வாங்கி வைக்க அனுமதி பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் சமயத்தில் ஒப்படைப்பது போலத்தான்.

கேள்வி (கூடலூர்): முதுமலை வழியாக மைசூரு போகிறேன். காட்டுக்குள் இறங்கப் போவதில்லை. டிக்கியில் பூட்டியபடி கொண்டு போகலாமா?

பதில்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 31-ஆவது பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்தில் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதமும் எடுத்துச் செல்லக் கூடாது. ஆயுத லைசென்ஸ் அந்த அனுமதி ஆகாது. தெப்பக்காட்டில் காரை நிறுத்தி டீ குடிக்கும் நேரமும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் நேரம்தான். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும், அங்கேயும் 2013 முதல் பெரும் காட்டுப் பரப்பு வன உயிரினச் சரணாலயம்.

இன்னொன்று. உங்கள் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று புத்தகத்தில் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், கக்கநல்லா தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனதும், நாடுகாணி தாண்டிக் கேரளத்துக்குள் போனதும் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. கூடலூரில் இருப்பவருக்கு இரண்டு எல்லையும் பக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சோதனைச் சாவடியில் இ-பாஸும் பிளாஸ்டிக் பாட்டிலும் பார்க்கிறவர்கள் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். திறப்பதற்கு முன்பே, கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி, ‘லைசென்ஸ் உள்ள ஆயுதம் பெட்டியில் பூட்டியிருக்கிறது, லைசென்ஸ் இதோ’ என்று சொல்லிவிடுங்கள். நீங்களாக எடுத்துக் காட்டப் போகாதீர்கள்.

கேள்வி (கொடைக்கானல்): லாட்ஜ் அறையில் பாதுகாப்புப் பெட்டி இல்லை. இரவு முழுவதும் காரிலேயே வைக்கிறேன். துரு பிடிக்கிறது. என்ன எண்ணெய் போடலாம்?

பதில்: எண்ணெய் இரண்டாவது விஷயம். இரவு முழுவதும் காரில் வைப்பதே கூடாது. ஆளில்லாத பார்க்கிங்கில், மூடுபனியில், எட்டு பத்து மணி நேரம் யாராலும் பெட்டியை உடைக்க முடியும். காலியாக, கேபிள் பூட்டுப் போட்டு, பூட்டிய சிறு பெட்டியில் உங்கள் அறைக்கே எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் இருக்கும் அறையில் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மேனேஜரிடமோ வாட்ச்மேனிடமோ கொடுத்து வைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தனித்தனிக் குற்றம்.

துருவுக்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை. உறைபனி விழும் ஜனவரி இரவில் இரும்பு சில்லென்று ஆகியிருக்கும். ஹீட்டர் போட்ட அறைக்கோ காருக்கோ வந்ததும் காற்றின் ஈரம் அதன் மேல் முத்து முத்தாக வியர்க்கும். துடைத்தால் வெளியே போகும். மேகசின் ஸ்பிரிங்கிலும் ஸ்குரூ அடியிலும் நிற்பது அப்படியே இருக்கும். ஆகவே குளிரிலிருந்து வந்த பெட்டியை உடனே திறக்காமல் இரண்டு மணி நேரம் மூடியபடியே வையுங்கள். அறையின் சூட்டுக்கு மெல்ல வந்தால் வியர்க்காது. பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். தோல் உறையும் அப்படியே. உறையில் வைத்துச் சேமிக்கக் கூடாது. சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், நிறம் மாறும் வகை என்றால் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். துப்பாக்கி எண்ணெய் துணியில் தொட்டு மெல்லிய படலமாகத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொடைக்கானல் குளிரில் உறைந்து ஸ்லைடை மந்தமாக்கும். தோட்டாவின் மேல் எந்த எண்ணெயும் படக் கூடாது, உள்ளே இறங்கினால் மருந்து கெடும்.

கைரேகைப் பூட்டுள்ள பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு: பனியில் நனைந்த, குளிரில் சுருங்கிய விரலை அது பல முறை ஏற்காது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் தளரும். சாவியோ எண் பொத்தானோ உள்ளதை வாங்கி, அவசரச் சாவியைக் கார் சாவி வளையத்தில் மாட்டாமல் தனியே உங்களிடம் வையுங்கள்.

கேள்வி (குன்னூர்): காரை சர்வீஸுக்கு விடும்போதும் ஆக்டிங் டிரைவர் ஓட்டும்போதும் பெட்டி பூட்டியிருந்தால் போதாதா?

பதில்: சர்வீஸுக்கு விடும் முன் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துவிட வேண்டும், பெட்டி காலியாக இருக்கட்டும். ஆக்டிங் டிரைவர் விஷயத்தில், நீங்கள் வண்டியில் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. உங்களை இறக்கிவிட்டு அவர் வண்டியோடு பார்க்கிங் தேடிப் போகும்போது துப்பாக்கி அவரோடு போகக் கூடாது. காற்றுக்காகக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். சிம்ஸ் பூங்கா பக்கம் குரங்கு கை விடும் இடைவெளியில் மனிதனும் கை விடுவான்.

கேள்வி (உதகை): காரிலிருந்து திருடு போய்விட்டால் முதலில் என்ன செய்வது?

பதில்: காரைத் தொடாதீர்கள், கதவை மூடவும் வேண்டாம், கைரேகை அழியும். அங்கிருந்தே 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். பிறகு பக்கத்து ஸ்டேஷனில் எழுத்தில் புகார். உடனே தெரிவிப்பது லைசென்ஸ் நிபந்தனை. வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் போகலாம் என்று இருந்தால் அந்த ஒரு இரவுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பாமல் எஃப்.ஐ.ஆர். பதியக் கேளுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், நகல் இலவசம். அந்த நகலோடு, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் அன்றே கடிதம் கொடுங்கள்.

புகாரில் தயாரிப்பு, குழல் துளை அளவு (.32 போன்றது), துப்பாக்கியில் பொறித்த எண், லைசென்ஸ் எண், எத்தனை தோட்டா போனது என்பவை இருக்க வேண்டும். இவற்றின் படம் போனில் முன்பே இருக்கட்டும். லைசென்ஸ் புத்தகத்தைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தவர்கள் எண் தெரியாமல் ஸ்டேஷனில் விழிக்கிறார்கள். வீட்டில் மீதித் தோட்டா இருந்தால் அதையும் எண்ணி, புகாரிலேயே எழுதிவிடுங்கள்.